சிறுத்தை நடமாடும் ஊரில் நாய் வளர்ப்போர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் வட்டாரங்களில் வீட்டு வாசலில் படுத்திருந்த நாயைச் சிறுத்தை கவ்விச் செல்லும் கண்காணிப்புக் கேமராக் காட்சிகள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வெளிவருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை, சிறுத்தையைக் கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டும் எனப் பொதுமக்கள் கோரிக்கை விடுத்துள்ளனர் என்ற ஒரே வாக்கியத்தில் முடிகின்றன. அத்தகைய கோரிக்கை மனு ஒன்றில் நானும் கையெழுத்துப் போட்டவன். அந்தக் கோரிக்கையால் ஏன் பயன் இல்லை என்பதையும், அதை எழுப்புவதற்கு முன் நாய் வளர்க்கும் நாங்கள் செய்திருக்க வேண்டியது என்ன என்பதையும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் கோத்தகிரி வட்டத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி. வீட்டுக்குப் பின்னால் தேயிலை, அதற்குக் கீழே சீகை மரங்களும் உண்ணிச்செடிப் புதரும், அதற்கும் கீழே ஓடையை ஒட்டி ஒரு துண்டுச் சோலை. காட்டெருமை பகலிலேயே தேயிலைக்குள் நின்று அசைபோடும். பலாப்பழம் பழுத்தால் கரடி வரும். உருளைக்கிழங்கு போட்டால் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் நமக்கு முன் அறுவடையை முடித்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் நாய் இல்லாமல் குடியிருப்பது கடினம். நாயின் குரைப்பைக் கேட்டே வெளியில் நிற்பது எது என்று அனுமானிக்கப் பழகியவர்கள் மலைக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். என் அனுபவத்தில், காட்டெருமையைக் கண்டால் நாய் நின்ற இடத்தில் நின்று இடைவிடாமல் குரைக்கும். பன்றி என்றால் ஓடி ஓடிக் குரைக்கும். கரடி என்றால் பின்வாங்கிக்கொண்டே குரைக்கும். சிறுத்தை என்றால் குரைப்பு பாதியில் அறுந்துபோய், வாலை இடுக்கிக்கொண்டு வந்து கதவைப் பிராண்டும்.

கதவைப் பிராண்ட முடியாதபடி கட்டிப்போட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்கழி இரவில் தெரிந்துகொண்டேன். மணி என்ற நாட்டு நாயை விறகுக் கொட்டகைத் தூணில் ஐந்தடிச் சங்கிலியில் கட்டியிருந்தேன். பத்தரை மணிக்கு மேல் குரைத்தான். பிறகு சத்தம் இல்லை. வந்தது போய்விட்டது என்று எண்ணிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். விடிந்து பார்த்தபோது சங்கிலி தூணை மூன்று சுற்றுச் சுற்றி இறுகிக் கிடந்தது. அதன் நுனியில் கழுத்துப்பட்டை, வார் கழற்றப்படாமல் மாட்டியபடியே இருந்தது. தப்பி ஓட வழியில்லாமல் அவன் தூணையே சுற்றியிருக்கிறான் என்பது, அந்தச் சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

"நாய்தானே, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்" என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொன்னார்கள். மகேந்திரவர்மப் பல்லவர் காலத்தில், தொறுவை, அதாவது கவரப்பட்ட மாட்டு மந்தையை, மீட்கப் போராடி இறந்த வீரனுக்கு எடுத்த நடுகல்லில், இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்து வைத்தவர்கள் நம் முன்னோர். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த அந்தக் கல்லைப் பற்றிப் படித்திருந்ததாலோ என்னவோ, அந்த ஆறுதல் எனக்கு உவக்கவில்லை. கோபம் முழுவதும் சிறுத்தையின் மேல் திரும்பியது. ஊரார் எழுதிய மனுவில் கையெழுத்துப் போட்டேன். மனுவை வாங்கிக்கொண்ட வனப் பணியாளர் ஒருவர், "கூண்டு வைத்தால் அதற்குள் இரைக்கு எதைக் கட்டுவோம் தெரியுமா?" என்று கேட்டார். ஆட்டையோ நாயையோதான் கட்டுவார்கள். அப்படியென்றால் என் விறகுக் கொட்டகையும் ஒரு கூண்டுதான், கதவு மட்டும் இல்லாத கூண்டு. பல மாதங்களாக ஒவ்வொரு இரவும் அதில் இரை கட்டி வைத்துவிட்டு உறங்கியவன் நான்.

சிறுத்தை காட்டில் இரை கிடைக்காமல் வழி தவறி ஊருக்குள் வந்துவிட்டது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தேயிலைத் தோட்டமும் புதரும் ஓடையும் கலந்த நிலப்பரப்பில் அது வழி தவறி வருவதில்லை. அங்கேயே வாழ்கிறது, குட்டி போடுகிறது. மகாராஷ்டிரத்தில் அகோலே பகுதியில், காடே இல்லாத விளைநிலங்களில் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவை உண்ட இரையின் எடையில் 39 விழுக்காடு நாய்களே என்று தெரியவந்தது. ஆட்டின் பங்கு அதில் பாதிகூட இல்லை. ஆடுகளைப் பட்டியில் அடைக்கிறோம், மாடுகளைக் கொட்டிலில் கட்டுகிறோம், நாயை மட்டும் வெளியில் விட்டுவிடுகிறோம். அதே மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001ஆம் ஆண்டு முதல் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 4 என்று இருந்த மனிதர் மீதான தாக்குதல், அதன் பிறகு 17 ஆக உயர்ந்தது. இடத்தை அறிந்து, ஆட்கள் எப்போது வருவார்கள் எப்போது போவார்கள் என்று பழகி ஒதுங்கி வாழ்ந்த விலங்கை அப்புறப்படுத்தினால், அந்த இடத்துக்குப் பழக்கமில்லாத இன்னொன்று வந்து சேரும்; அப்புறப்படுத்தப்பட்டதோ அறியாத ஊரில் போய்த் திண்டாடும். கூண்டு கேட்டுக் கையெழுத்துப் போட்டபோது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

இப்போது வளர்க்கும் நாய்க்கு மாலை ஆறு மணிக்கு மேல் வெளியில் இடமில்லை. வீட்டுச் சுவரை ஒட்டி, சிமெண்ட் தளம் போட்டு, நான்கு பக்கமும் வெல்டு மெஷ் அடித்து, மேலே தகரத்துக்கு அடியிலும் அதே மெஷ்ஷை விரித்து ஓர் அறை கட்டியிருக்கிறேன். மேற்புறத்தை மூட வேண்டுமா என்று கொத்தனார் கேட்டார். சுவரேறிக் குதிப்பது சிறுத்தைக்கு விளையாட்டு என்பதால் மேற்புறம்தான் முதலில் மூடப்பட வேண்டியது. உறைபனி விழும் நாட்களில் நாய் அடுப்படியிலேயே படுத்துக்கொள்கிறது. இரவு உணவை இருட்டுவதற்கு முன்பே வைத்து, மிச்சத்தை உடனே அள்ளிவிடுகிறோம். வாசலில் கிடக்கும் சோற்றுத் தட்டு பன்றியையும் கரடியையும் கூப்பிடும். இமயமலைப் பகுதியில் ஆட்டு மந்தைகளோடு செல்லும் நாய்களின் கழுத்தில் ஆணிகள் துருத்திய அகலமான இரும்புப் பட்டை பூட்டுவார்கள். சிறுத்தை முதலில் பற்றுவது கழுத்தை என்பதால் வந்த வழக்கம் அது. மந்தையோடு திறந்தவெளியில் படுக்க வேண்டிய நாய்க்கு அது தேவை. கதவும் கூரையும் உள்ள வீட்டு நாய்க்கு அதைப் பூட்டிவிட்டு வெளியில் விடுவது வீண்.

நாயைப் பூட்டிவிட்டால் காவலுக்கு என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நாயின் காவல் அதன் மூக்கிலும் காதிலும் இருக்கிறது. உள்ளே இருந்து குரைத்தாலும் விலங்கின் வருகை நமக்குத் தெரிந்துவிடுகிறது. சொல்லப்போனால் வெளியில் அவிழ்த்து விடப்பட்ட நாயால்தான் ஆபத்து கூடுகிறது. கரடியைத் துரத்திக்கொண்டு புதருக்குள் ஓடும் நாய், கரடி திரும்பி எதிர்த்தவுடன் நேராக எசமானைத் தேடி ஓடிவரும், பின்னால் கரடியும் வரும். ஒரு காலைப்பொழுதில் ஒற்றையடிப் பாதையில் எனக்கு இது நேர்ந்தது. கையிலிருந்த குடையை விரித்தபடி கத்திக்கொண்டே பின்வாங்கியதால் கரடி திரும்பிச் சென்றது. இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். காட்டெருமையும் அப்படித்தான். ஒரு டன் எடை வரை வளரக்கூடிய அந்த விலங்கு, ஆட்கள் பேசிக்கொண்டு போனால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒதுங்கும். காலடியில் நாய் குரைத்தால் மிரண்டு பாயும், பாய்ச்சலின் வழியில் பச்சைத் தேயிலை பறிக்கும் பெண்கள் நின்றால் அவர்கள் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே பகலிலும் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லும்போது நாய் கயிற்றில்தான் வருகிறது. கயிற்றை மீறி ஓடிய ஒரே நாளில் முள்ளம்பன்றியிடம் மாட்டி, மூக்கிலும் மேலுதட்டிலும் ஏழு முட்களோடு திரும்பியது. கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு, குறடால் ஒவ்வொன்றாக இழுத்து எடுத்தார். பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியிலும், உணவுப் பொருளுக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயிலும் சிக்கிய நாய்களின் நிலையைப் பார்த்தவர்கள், முள்ளோடு திரும்பிவந்ததை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வார்கள்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி மலைக் கிராமங்களில் ஏறக்குறைய யாரும் பேசுவதில்லை. சிறுத்தை நாய்க்குச் செய்யும் கேட்டைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், நாய் காட்டுக்குச் செய்யக்கூடிய கேட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

டிஸ்டெம்பர் என்ற நாய் நோய், மனிதருக்கு வரும் தட்டம்மையின் வைரஸுக்கு உறவான ஒரு வைரஸால் வருவது. கண்ணிலும் மூக்கிலும் சளி வடியும். காய்ச்சல், இருமல், கழிச்சல் வரும். பிறகு தாடை வெட்டி வெட்டி இழுக்க, வலிப்பு கண்டு இறக்கும். தடுப்பூசி உண்டு, வந்த பிறகு வைரஸை ஒழிக்கும் மருந்து கிடையாது. எங்கள் குடியிருப்பில் ஒருமுறை ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகளில் நான்கு இப்படிச் செத்தன. குழி தோண்டிப் புதைக்கச் சோம்பல்பட்டு, சாக்கில் போட்டு ஓடைச் சரிவில் எறிந்துவிட்டார்கள். மறுநாள் சாக்கு கிழிந்து கிடந்தது. எது இழுத்துச் சென்றது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் முயலவில்லை.

அந்த அலட்சியத்தின் விலை என்ன என்பதற்கு உலகம் அறிந்த இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994ஆம் ஆண்டு இந்த நோய் பரவியபோது, அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. சுற்றுப்புறக் கிராமங்களின் நாய்களிடமிருந்தே நோய் தொற்றியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நம் நாட்டில், குஜராத்தின் கிர் காட்டில் 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிச் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் மாண்டன. அவற்றில் சிலவற்றின் உடலில் இதே வைரஸ் கண்டறியப்பட்ட பிறகு, வெளிநாட்டிலிருந்து தடுப்பூசியை அவசரமாக வரவழைத்தார்கள். உலகில் ஆசியச் சிங்கம் இயற்கையாக வாழும் ஒரே இடம் அது. நீலகிரியில் சிங்கம் இல்லை. ஆனால் செந்நாய் இருக்கிறது. உலகம் முழுவதும் இனப்பெருக்க வயதில் உள்ள செந்நாய்கள் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டாது என்று மதிப்பிடப்பட்டு, அழியும் நிலையில் உள்ள விலங்காகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. குரைக்காமல் சீழ்க்கையடித்து ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு, கூட்டமாகவே வேட்டையாடி, கூட்டமாகவே உண்டு, ஒன்றன் குட்டியை மற்றது இரை கக்கி ஊட்டி வளர்க்கும் விலங்கு அது. நாய்க்கு வரும் டிஸ்டெம்பரும், பார்வோ என்ற கழிச்சல் நோயும், வெறிநோயும் சொறியும் அதற்கும் வரும். ஒன்றைத் தொற்றினால் கூட்டம் முழுவதையும் தொற்றும். கேளையாடு என்னும் சிறு மானைத் துரத்திக்கொண்டு சோலைக்குள் போய்வரும் நம் ஊர் நாய்களுக்கும் செந்நாய்க் கூட்டத்துக்கும் இடையில் இருப்பது ஓர் ஓடை மட்டும்தான்.

இனி, தடுப்பூசியின் நிலையைச் சொல்கிறேன். வெறிநோய்த் தடுப்பூசியைப் பொறுத்தவரை குறை சொல்ல எதுவும் இல்லை. 1907ஆம் ஆண்டு முதல் குன்னூரில், வெறிநோய்த் தடுப்புக்குப் பேர்போன பாஸ்டர் நிறுவனம் இயங்கிவரும் மாவட்டம் இது; விலங்குவழி நோய்கள் நாளான ஜூலை 6, உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டி நடக்கும் இலவச முகாம்களில் மக்கள் நாய்களைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். வெறிநோய் மனிதனைக் கொல்லும் நோய் என்பதால் அந்த அக்கறை. டிஸ்டெம்பர் மனிதனுக்கு வருவதில்லை. அதனால் எங்கள் பகுதி முகாம்களில் அதற்கு ஊசி இல்லை. "செவன் இன் ஒன்" என்று மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கும் கூட்டுத் தடுப்பூசியில் அது அடங்கியிருக்கிறது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் மறுபடியும் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் புதுப்பிக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய சாதி நாய்க்கு இதைத் தவறாமல் போடுகிறார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் வளரும் நாட்டு நாய்க்கு, தினக்கூலியில் இருந்து அந்தச் செலவை யார் செய்வார்கள்? காட்டை ஒட்டி அலைவது இரண்டாவது நாய்தான்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 33 ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சரணாலயத்துக்கு உள்ளேயும் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட முதன்மை வன உயிரினக் காப்பாளர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல பிரிவு. ஆனால் கால்நடை என்றால் எவை என்று அதே சட்டம் தரும் பட்டியலில் எருமை, மாடு, ஒட்டகம், கழுதை, ஆடு, குதிரை, யாக், பன்றி, வாத்து, கோழி எல்லாம் இருக்க, நாய் என்ற சொல் இல்லை. காட்டின் ஊனுண்ணிகளுக்கும் தொற்றும் நோய்களைச் சுமக்கக்கூடிய வீட்டு விலங்கு விடுபட்டுப்போய், வாத்து இடம்பெற்றிருக்கிறது! தெருநாய்களுக்கான 2023ஆம் ஆண்டின் கருத்தடை விதிகளும் கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் சுற்றியே அமைந்திருக்கின்றன. மசினகுடி போன்ற ஊர்கள் முதுமலையின் ஐந்து கிலோமீட்டருக்குள் வரலாம், எங்கள் ஊர் வராது. ஆனால் எங்கள் தேயிலைக்குள் நடக்கும் சிறுத்தைக்கு அந்த அளவுகோல் தெரியாது.

இந்தச் சிக்கலைப் பெருக்குபவர்கள் சிலரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சமவெளியிலிருந்து வந்து இங்கே விடுமுறை வீடு கட்டுபவர்கள், பஞ்சு போன்ற முடியுள்ள நாய் ஒன்றை வாங்கிக் காவலாளியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். காவலாளி வேலையை விட்டால் நாய் தெருவுக்கு வருகிறது. தங்கும் விடுதிகள் சில, மிச்ச உணவைப் பின்பக்கச் சரிவில் கொட்டுகின்றன. அங்கே இரவில் ஒரே குப்பையில் நாயும் பன்றியும் கரடியும் முறைவைத்து உண்கின்றன. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை கண்ட மாவட்டத்தில், உணவுக் கழிவு விஷயத்தில் அதில் பாதிக் கண்டிப்பாவது காட்டக்கூடாதா என்பது என் ஆதங்கம்.

நாய்க்கு இழப்பீடு கேட்டு இதை எழுதவில்லை. மணியைப் பறிகொடுத்ததில் என் பங்கே பெரிது. மாவட்ட நிர்வாகமும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் வனத்துறையும் சேர்ந்து, தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் பழங்குடியினர் கிராமங்களிலும் நடத்தும் வெறிநோய் முகாம்களிலேயே டிஸ்டெம்பர் தடுப்பூசியையும் சேர்த்துப் போட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வரிசையும் ஊசி போடும் கைகளும் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு மருந்துக் குப்பி. கூண்டு, அதைத் தூக்கிவரும் வாகனம், இரவுக் காவல் ஆட்கள் என்று ஒரு சிறுத்தையைப் பிடிக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் குப்பியின் விலை ஒரு பொருட்டே இல்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. முகாம் நடந்து முடிந்த மறுநாள் அதன் புகைப்படம் தங்கள் நாளிதழில் வருகிறது. முகாம் நடக்கும் ஊரும் நேரமும் இரண்டு நாட்களுக்கு முன்பே மாவட்டப் பக்கத்தில் வந்தால், காலை ஏழு மணிக்கு எல்லாம் தோட்டத்துக்குக் கிளம்பிவிடும் எங்களைப் போன்றவர்கள் நாயை யாரிடமாவது ஒப்படைத்து அனுப்பி வைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.